புயலுக்கு ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? பாகூர், வில்லியனூர் விவசாயிகள் முதலில் போட வேண்டிய கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் போகாமல் மணிக்கணக்கில் நம் தலைக்கு மேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில் இறங்க, வில்லியனூர் பக்கமும் தப்பவில்லை. புதுச்சேரி - கடலூர் சாலையில் போக்குவரத்தே நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் கிராமத்திலும் ஜெனரேட்டர் பேச்சு அதிகமாகிவிட்டது. ஐப்பசி நெருங்கினால் 'எத்தனை கே.வி.ஏ. வாங்கலாம்?' என்று கேட்காதவர்கள் குறைவு. புயலுக்குப் பிறகு அரசு ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாயும், பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் அறிவித்தது. ஒரு நல்ல ஜெனரேட்டர் அந்த 5,000 ரூபாயைப் போலப் பல மடங்கு விலை. ஆண்டில் சில நாள் ஓடப்போகும் ஒரு இயந்திரத்துக்கு அவ்வளவு பணம் போடும்போது, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். எத்தனை நாள் சமாளிக்க வேண்டும், அத்தனை நாளைக்கும் எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதிலிருந்து தொடங்குங்கள். கே.வி.ஏ. கணக்கு அதற்குப் பிறகு தானாக வரும்.

தானே வேறு, ஃபெஞ்சல் வேறு

நம் பகுதி பார்த்த இரண்டு புயல்களை நினைத்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை வந்த தானே காற்றுப் புயல். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மழை நின்று வெயில் வந்த பிறகும் கரண்ட் வரவில்லை, பல ஊர்கள் நாட்கணக்கில் காத்திருந்தன. ஃபெஞ்சல் தண்ணீர்ப் புயல். காற்று தானே அளவுக்கு இல்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர், சாலையில் தண்ணீர். மின்விபத்து நடக்கக்கூடாது என்று மின்துறையே இணைப்பைத் துண்டித்து வைக்க வேண்டிய நிலை.

காற்றுப் புயலில் சாலையில் விழுந்த மரத்தை அறுத்துப் போட்டால் பெட்ரோல் பங்க்குக்குப் போய்விடலாம். ஆனால் கரண்ட் வர வாரம் ஆகலாம். தண்ணீர்ப் புயலில் கரண்ட் சில நாளில் வந்துவிடலாம். ஆனால் அந்தச் சில நாளும் ஊரைவிட்டு வெளியே போக முடியாது. பங்க்கில் பெட்ரோல் இருந்தாலும், அதை இறைக்கும் பம்புக்கும் கரண்ட்தான் வேண்டும் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வருகிறது. எந்தப் புயலாக இருந்தாலும், முதல் மூன்று நாட்களுக்குத் தேவையான எரிபொருள் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். அதுவும் உலோகக் கேனில்தான், ஒரு கேனில் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலிலும் எண்ணெய் கேனிலும் வாங்கி அடுப்படி ஓரம் வைப்பது கூடவே கூடாது. டீசலுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்வு, உரிமம் இல்லாமல் 2,500 லிட்டர் வரை வைக்கலாம். டிராக்டருக்காக ஏற்கெனவே டீசல் கேன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மோட்டார்தான் விலையை ஏற்றுகிறது

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு சீலிங் ஃபேன் 150 வாட்ஸ். ஆறு எல்.இ.டி. பல்புக்குச் சுமார் 55. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150. டிவி 80. எல்லார் செல்போனும் சேர்த்து 40. மொத்தம் 500 வாட்ஸ்கூட வரவில்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் ஒரு நொடி மட்டும் நாலைந்து மடங்கு இழுக்கும். அதையும் சேர்த்து 1.5 கே.வி.ஏ. இருந்தால் நிம்மதியாக ஓடும்.

இதோடு வீட்டுக் கிணற்று 1 ஹெச்.பி. மோட்டாரைச் சேருங்கள். ஓடும்போது 1,100 வாட்ஸ் அளவுக்கு எடுக்கும், கிளம்பும்போது மூன்று மடங்குக்கு மேல். உடனே 3 கே.வி.ஏ.வுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஓடும் மோட்டாருக்காக இரண்டு மடங்கு பெரிய இயந்திரம், அது குடிக்கும் எரிபொருள்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் நல்ல சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஃபேனும் லைட்டும் மட்டும் போட்டிருந்தாலும் அரை லிட்டருக்கு மேல் போகும். இரவு பகலாக ஓட்டினால் நாளுக்கு 15 லிட்டர். வீட்டில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் 30 லிட்டரும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 1,500 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோலில் சின்ன ஜெனரேட்டர் கொடுப்பது இரண்டு, இரண்டரை யூனிட்தான். யூனிட்டுக்கு 40, 50 ரூபாய் ஆகிறது.

மாற்று வழி நம் வீட்டு மாடியிலேயே இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டி, சிமென்ட் தொட்டி, மாட்டுத் தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். 1,000 லிட்டர் தண்ணீரை மாடிக்கு ஏற்ற அரை யூனிட் கரண்ட்கூட வேண்டாம். அதே வேலையைப் புயலுக்குப் பிறகு செய்யத்தான் இரண்டு மடங்கு பெரிய ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார்கள். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் கடினம். ஒரு மாடு நாளுக்கு 40 முதல் 60 லிட்டர் குடிக்கும். நாலு மாடு என்றால் நாலு நாளைக்கு ஆயிரம் லிட்டர் மாட்டுக்கே போய்விடும். வெள்ளத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டினால் கழிச்சலில் கொண்டுவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு மோட்டாரை இழுக்கும் 3 கே.வி.ஏ. நியாயமான செலவுதான். ஆனால் மோட்டார் ஓடும்போது ஃபிரிட்ஜையும் மற்றவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர் ஏறியதும் ஜெனரேட்டரையும் நிறுத்திவிட வேண்டும்.

வயலில் இருக்கும் 5 ஹெச்.பி. மும்முனை போர்வெல்லையும் இதிலேயே ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு 12.5 அல்லது 15 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் வேண்டும், விலையே வேறு. புயல் நேரத்தில் வயலுக்குப் பாய்ச்ச வேண்டிய அவசியமும் இல்லை. வடிக்கத்தான் தேவை. பாகூர் பக்கம் நெல் வயலில் நிற்கும் தண்ணீரை இறைக்க டீசல் அல்லது பெட்ரோல் இன்ஜின் பம்பை நேரடியாகப் போடுங்கள். இன்ஜினைக் கொண்டு கரண்ட் எடுத்து, அந்தக் கரண்ட்டைக் கொண்டு மோட்டார் ஓட்டுவது வழியில் எரிபொருளை வீணாக்கும் வேலை. (வாய்க்கால் நிரம்பி நின்றால் எந்தப் பம்பும் உதவாது, அது வேறு கதை.)

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு

ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்கு ஜெனரேட்டர் இன்னும் சின்னதாகவே போதும். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் நடைமுறையில் ஒன்றேகால் யூனிட் அளவுக்கு எடுக்கலாம். இரண்டு பழைய ஃபேனும் நாலு எல்.இ.டி.யும் ஆறேழு மணி நேரம் ஓடும். ஃபேனை மட்டும் 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் அதே பேட்டரி 12 மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டருக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்வது மேல் என்பது என் கருத்து. புயல் இல்லாத நாளிலும் கரண்ட் பில்லில் மிச்சம் வரும்.

பிறகு 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரைக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிடும், செல்போன்கள் ஏறிவிடும், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்காவது நிரம்பும். நாளுக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல். 10 லிட்டரில் ஐந்து நாள்! கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும் என்பதால் பால், தயிர், மருந்து பெரும்பாலும் தப்பிக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பல இன்வெர்ட்டர்கள் 'யு.பி.எஸ்.' நிலையில் இருந்தால் சின்ன ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கமான கரண்ட்டை ஏற்காது. பின்புறம் இருக்கும் சுவிட்சை 'நார்மல்' அல்லது 'எகோ' நிலைக்கு மாற்றிப் பாருங்கள், சார்ஜ் ஏறத் தொடங்கும். இதைப் புயலன்று இருட்டில் தேடாமல் முன்பே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன சிக்கனக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். 5 லிட்டர் கருவிக்கு 350 வாட்ஸ் அளவுக்கு, நிற்காமல் வேண்டும். அவர்களுக்கு நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கையிருப்பு அவசியம். புயல் வருவதற்கு முந்தைய நாளே மருத்துவமனை இருக்கும் ஊருக்கு நோயாளியைக் கொண்டுபோய்விடுவது இன்னும் நல்லது. இன்சுலின் போடுபவர்கள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் வெயில் படாத இடத்தில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் சில நாள் கெடாது. பிரிக்காத மருந்துக்குத்தான் ஃபிரிட்ஜ்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு

பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் கிராமத்திலும் சோலார் ஏறுகிறது. இதில் பலரும் தெரிந்துகொள்ளாத விஷயம், பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் சோலார், வெளியில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகல் வெயிலிலும் வீட்டுக்கு ஒரு பல்புகூட எரியாது. கம்பியில் வேலை செய்பவர்களின் உயிரைக் காக்க வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு இது, பழுது அல்ல. புயலுக்கும் உதவ வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. பேட்டரிக்குத் தனி மானியம் கிடையாது. இன்னும் ஒன்று: ஆன்-கிரிட் சோலார் இருக்கும் வயரிங்கில் ஜெனரேட்டரைச் சேர்ப்பதற்கு முன் சோலார் போட்டவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். ஜெனரேட்டர் கரண்ட்டை மின்துறைக் கரண்ட் என்று சோலார் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டு உள்ளே தள்ளினால் இரண்டில் ஒன்று போய்விடும்.

பெட்ரோலா, டீசலா?

1 முதல் 3 கே.வி.ஏ. வரை பெட்ரோல்தான். தூக்கி மாடிக்கோ திண்ணைக்கோ கொண்டுபோகலாம். வெள்ளம் வரும் ஊரில் இது பெரிய விஷயம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள டீசல் ஜெனரேட்டரைத் தரையில் பதித்துவிட்டு, தண்ணீர் ஏறும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டீசல் வாங்குவதானால் 2024-ல் உங்கள் வீட்டில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேல் இரண்டடி உயரத்தில் மேடை கட்டிவிட்டு வாங்குங்கள். டீசல் இன்ஜினைக் கொஞ்சம் சுமையில் மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தால் கருப்பு எண்ணெய் கக்கி சைலன்சர் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குத் தேவையானதைவிட மிகப் பெரியதாக வாங்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 ஜூலை முதல் புதிய டீசல் ஜெனரேட்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு மிகவும் கடுமையாகிவிட்டது. பந்தல்காரர்களிடமிருந்து மலிவாக வரும் பழைய செட்டுகளை வாங்குபவர்கள் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கட்டும்.

டிராக்டர் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. டிராக்டரின் பி.டி.ஓ.வில் ஓடும் ஆல்டர்னேட்டர் கிடைக்கிறது. இன்ஜின் ஏற்கெனவே கையில் இருப்பதால் ஆல்டர்னேட்டருக்கு மட்டும்தான் செலவு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமானபோது, பல ஊராட்சிகள் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்துதான் மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பின. ஒரு தெருவில் பத்து வீட்டுக்குப் பத்து ஜெனரேட்டர் தேவையில்லை. டிராக்டரோடு ஒரு ஆல்டர்னேட்டர் வாசல் வாசலாகப் போய் ஆளுக்கு அரை மணி நேரம் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தால் மோட்டார் பிரச்சினை முடிந்தது. மீதித் தேவைக்கு அவரவர் இன்வெர்ட்டர். உள்ளாட்சித் தேர்தலே 2006-க்குப் பிறகு நடக்காத நம் கொம்யூன்களில் பஞ்சாயத்து வந்து செய்யும் என்று காத்திருப்பதைவிட, பால் சங்கமோ மகளிர் குழுவோ சேர்ந்து வாங்கி வைப்பது நடக்கக்கூடிய காரியம்.

இரண்டு தவறுகள் உயிரைக் குடிக்கும்

முதலாவது, ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளோ, மூடிய போர்ட்டிகோவிலோ, மாட்டுக் கொட்டகையிலோ வைத்து ஓட்டுவது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் படுத்திருந்த இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த வாயு உள்ளே ஏறியதுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று தொடங்கும். புயல் அலைச்சலில் வந்த களைப்பு என்று படுத்தால் எழுந்திருக்க முடியாது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காமல், நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரைக்குக் கீழே வையுங்கள். இருபதடிக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் வயர் வாங்குங்கள், நடுவில் ஒட்டுப்போடாமல். படுக்கும் முன் நிறுத்திவிடுங்கள். இரவுக்கு இன்வெர்ட்டர் போதும்.

இரண்டாவது, இரண்டு பக்கமும் பின் உள்ள வயரைச் செய்து, ஜெனரேட்டர் கரண்ட்டைச் சுவரில் இருக்கும் சாக்கெட் வழியாக வீட்டுக்குள் கொடுப்பது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்பார்கள். ஒருநாள் மறந்துவிட்டால், நீங்கள் கொடுக்கும் 230 வோல்ட் வெளியே போய், தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகக் கம்பிக்குப் போகும். கரண்ட் இல்லை என்று நம்பி அடுத்த ஊர் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத் தொடுவார். மின்துறைக்காரர் சீக்கிரம் வரவில்லை என்று நாம்தான் திட்டிக்கொண்டிருப்போம்! ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரிக்கும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். ஜெனரேட்டர் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு. எர்த்தையும் அன்றே சரிபார்க்கச் சொல்லுங்கள். சேஞ்ச் ஓவர் போட வசதி இல்லாதவர்கள், வீட்டு வயரிங்கைத் தொடாமல், ஜெனரேட்டரில் இருந்தே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்து ஃபிரிட்ஜையும் ஃபேனையும் மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு

போன ஆண்டு ஓடியது, இந்த ஆண்டு கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கிறது என்ற புகார் எல்லா ஊரிலும் கேட்கும். பழுது பெரும்பாலும் இன்ஜினில் இருக்காது, கார்புரேட்டரில் நின்ற பழைய பெட்ரோலில் இருக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சில மாதத்தில் பிசினாகிவிடும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை இருபது நிமிடம், ஃபிரிட்ஜை மாட்டி ஓட்டுங்கள். கேனில் இருக்கும் பெட்ரோலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைக்குக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இன்ஜின் ஆயிலை முதல் 20 மணி நேர ஓட்டத்திலேயே மாற்ற வேண்டும். ஒரு புயலிலேயே அது வந்துவிடும் என்பதால் ஒரு டப்பா ஆயிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கும் கையிருப்பில் இருக்கட்டும்.

கடையில் 'மேக்ஸிமம்' என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்காமல் 'ரேட்டட்' என்ற எண்ணைப் பாருங்கள். அதிலும் முக்கால் பங்குக்குத்தான் சுமை கொடுக்க வேண்டும். டிவி, செல்போன் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஏ.வி.ஆர். இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டாருக்காக வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன், அதே ஹெச்.பி. மோட்டார் ஒன்றைக் கடையிலேயே மாட்டிக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். கிளம்பும்போது இன்ஜின் முக்கினால் பரவாயில்லை. அணைந்துவிட்டால் அந்த ஜெனரேட்டர் உங்களுக்கு ஆகாது.